மகள் சோதனை எழுதிய காலை

லாங்கன்தாலில் இரண்டாம் வகுப்புப் படித்தபோது என் மகள் பாடசாலையில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் தமிழிலும், டொச் என்கிற ஜெர்மன் மொழியிலும் ஓயாமல் கதைப்பவள், வகுப்புக்குள் போனால் வாய் திறக்கமாட்டாள். காலையில் சப்பாத்துப் போடும்போதே வாந்தி எடுப்பாள். நான் இந்த நாட்டில் பிறந்து, ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவள். வேலையை விட்டேன். மாநிலத்திடம் அனுமதி எடுத்து அவளை வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கினேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஓல்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவருக்கு இது பிடிக்கவேயில்லை.

"பள்ளிக்கூடம் இல்லாத நாட்டுக்கோ வந்தனாங்கள்? சனம் கேட்டா என்னத்தச் சொல்லுறது?"

"பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கெண்டு சொல்லுங்கோ."

"அவளுக்கு என்ன ஏலாது? நல்லாத்தானே இருக்கிறாள்."

இரண்டு வருடங்கள் அப்படியே போயின. ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து பார்க்கும் கல்வி அதிகாரி, அந்த முறை அவளும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு சோதனை எழுத வேண்டும் என்றார். அதே பாடசாலையில். பெறுபேறு போதாவிட்டால் அனுமதி கிடையாது.

சோதனையன்று காலை வகுப்பறை வாசலில் மற்றப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி, வகுப்புக்குள் போடும் வீட்டுச் செருப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அங்கே செருப்பு இல்லை. காலுறையோடு நின்றாள்.

"அம்மா, நீங்கள் இதிலயே நிப்பீங்களோ?"

"ஓம், எங்கயும் போகமாட்டன்."

கதவுக் கண்ணாடியில் அவளுடைய பின்னல் மட்டும் தெரிந்தது. அரை மணித்தியாலமாக அது அசையவில்லை. வகுப்பாசிரியை வெளியே வந்து, "கணக்கை முடித்துவிட்டாள். டொச்சில் ஒரு வரிகூட எழுதவில்லை," என்றார். நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். சோதனையைப் பார்க்க வந்திருந்த அதிகாரி குறுக்கே வந்தார்.

"நீங்கள் உள்ளே போனால் சோதனை செல்லாது."

கையை எடுத்தேன். தாயாக உள்ளே போவதா, ஆசிரியையாக வெளியே நிற்பதா என்று தெரியாமல் சுவரில் சாய்ந்தேன்.

மகள் கடைசியாக வந்தாள்.

"ஏன் பிள்ளை எழுதேல்ல?"

"'எங்கள் வகுப்பில் ஒரு நாள்' எண்டு எழுதச் சொல்லிக் கிடந்தது. எனக்கு வகுப்பு இல்லையே."

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கணக்கு நன்று, டொச் போதாது. அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். அவர் வாயைத் திறந்தால் அதிகாரியின் பக்கம்தான் பேசுவார் என்று உள்ளுக்குள் பயந்தேன். ஆனால் அவர் தனக்குத் தெரிந்த டொச்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "வகுப்பே இல்லாத பிள்ளை வகுப்பைப் பற்றி எப்படி எழுதும்? வேறு கேள்வி கொடுங்கள்," என்றார்.

அதிகாரி வினாத்தாளை எடுத்து வாசித்தார். பிறகு மறுசோதனைக்கு அடுத்த கிழமையில் ஒரு நாள் குறித்தார்.

வெளியே வந்ததும் கணவர், "எனக்கு இப்பவும் இது பிடிக்கேல்ல. ஆனா அது நியாயமில்லாத கேள்வி," என்றார்.

அந்தக் கிழமை அவள் அலுவலகத்தின் ஒரு சிறிய அறையில் இருந்து, தகப்பனோடு ரயிலைத் தவறவிட்ட கதையை மூன்று பக்கம் எழுதினாள். அனுமதி ஒரு வருடத்துக்கு நீடித்தது. அதற்குப் பின்னும் இருமுறை நீடித்தது. ஏழாம் வகுப்புக்கு வேறொரு பாடசாலைக்குப் போகிறேன் என்று அவளே கேட்டாள். அங்கும் முதல் மாதம் முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் போனாள்.