எடுத்தாச்சு என்று சொன்னேன்

எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சிகிச்சைக்கு வரும் பெண்களைப் பேட்டி எடுப்பது என் வேலை. வார்டில் பெண்களுக்கு மூன்றே கட்டில்கள். அவையும் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். பெண்கள் குடிக்காமல் இல்லை. வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

கிள்ளானிலிருந்து ஒருத்தி வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. இரண்டு முறை கரு கலைந்த பிறகு, தூக்கத்துக்காக சம்சு குடிக்க ஆரம்பித்திருக்கிறாள். மலிவான சாராயம். பிறகு அது இல்லாமல் காலையில் கை நடுக்கம் நிற்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் அக்கா. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

மூன்றாம் நாள் அவளுடைய மாமியார் சோற்றுக் கேரியரோடு வந்தார். வாசலில் இருந்த பலகையை அவரால் படிக்க முடியவில்லை. வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. "முடிஞ்சுதும்மா" என்றேன்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு."

அந்த அம்மாள் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து, மறுபேட்டிக்காகக் கிள்ளான் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். "அவங்க இங்க இல்லக்கா. ரவாங்ல அவங்க அக்கா வீட்டுல இருக்காங்க" என்று முகவரி சொன்னாள்.

ரவாங்கில் அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

"பிள்ளை பெற முடியாதவ எதுக்குன்னு மாமி சொல்லிட்டாங்க. அவரும் ஒண்ணும் பேசல. கோயில்ல வச்சு இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரு."

"உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"குடிகாரின்னு அனுப்புறதுக்கு இது பரவால்லலா. டாக்டரம்மாவே சொன்னாங்கன்னு மாமி சொன்னப்போ, நீங்கதான்னு தெரிஞ்சுது." குரலில் கோபம் இல்லை. "கேள்வியக் கேளுங்க அக்கா, நான் ஷிப்டுக்குப் போகணும்."

கேள்விப் பாரத்தில் இருந்த வரிசைப்படியே கேட்டேன். ஆறு மாதத்தில் ஒருமுறையாவது குடித்தாளா? இல்லை. தூக்கம்? பரவாயில்லை. மாதவிலக்கு?

"மாசாமாசம் சரியா வருது."

எழுதிக்கொண்டேன்.

பஸ் நிற்குமிடத்தில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. ஒரு கறிபாப் வாங்கித் தின்றேன்.

ஆஸ்பத்திரியின் அந்த வருஷத்து ஆய்வுக் கூட்டத்தில் அவளைத்தான், பெயர் சொல்லாமல், முழுமையாகக் குணமானவள் என்று பெரிய டாக்டர் குறிப்பிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு இருபது வருஷம் அதே துறையில் இருந்தேன். நோயாளிகளின் உறவுக்காரர்கள் கேட்டால், "அவங்களையே கேளுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவள் அடுத்த வருஷமும் குடிக்கவில்லை என்று, வேறோர் உதவியாளர் எடுத்த பேட்டியில் இருந்தது. அதோடு அந்த ஆய்வு முடிந்தது. நான் மறுபடி ரவாங் போகவில்லை.