ஒருமுறைதான் எழுதியிருந்தது

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் என் சித்தி பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினாள். அப்பாவுக்கு அப்போது வேலையில்லை. சித்தி சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

ஆயுத பூஜையன்று சூளையை அணைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து, தொழிலாளர்களை ஆடவும் பாடவும் விடுவது அங்கே வழக்கம். எனக்கு ஒன்பது வயதானபோது சித்தி கவிதை சொல்வதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். மேனேஜரோ வெள்ளம் வருமுன் அணை போடுகிறவர். முதல் நாளே கவிதையை வாங்கிப் படித்தார். முதலாளிக்கு நன்றி சொல்லியிருந்ததில் மனம் குளிர்ந்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கூடவே, "பேப்பர்ல இல்லாத வார்த்தை ஒண்ணு வந்தாலும் நாளையிலேருந்து வேலைக்கு வரவேணாம்மா" என்றாராம். சித்தி அந்தப் பேப்பரை என்னிடம் கொடுத்து, மேனேஜருக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள்.

அவள் மைக்கைப் பிடித்ததும் நான் வரிமேல் விரலை வைத்தேன். "குடிக்கத் தண்ணீர் கேட்டோம், கொடுத்தீர்கள்." இருந்தது. "தீபாவளிக்குச் சேலை கேட்டோம், கொடுத்தீர்கள்." அதுவும் இருந்தது. மேனேஜர் பொரியைக் கொறித்தபடி தலையாட்டினார்.

"சூளையோரம் காற்று கேட்டோம்."

அதோடு நின்றுவிட்டாள். என் விரல் 'கொடுத்தீர்கள்' மேல் காத்துக் கிடந்தது. சித்தி பின்வரிசைப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் சூளைச் சூட்டில் மயங்கி விழுந்த இரண்டு பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடி அதே வரியைச் சொன்னாள், மறுபடி நின்றாள். பேப்பரில் ஒருமுறைதான் எழுதியிருந்தது. இரண்டாம் முறை சொன்னால் அது இருக்கிற வார்த்தையா, இல்லாத வார்த்தையா? யாரைக் கேட்பது? மூன்றாம் முறை சொன்னபோது பின்னால் யாரோ விசும்பினார்கள். மேனேஜர் கொறிப்பதை நிறுத்தினார். முன்வரிசையில் முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் சித்தி, காதில் விழுந்தும் விழாமலும், "கொடுத்தீர்கள்" என்றாள். யாரும் கைதட்டவில்லை.

மேனேஜர் பேப்பரை வெடுக்கென்று பிடுங்கினார். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார்.

"இதுல இல்லாதது ஏதாவது சொன்னாங்களா பாப்பா?"

மூன்று முறை சொன்னதைச் சொல்வதா, விடுவதா? அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"எல்லாம் இருக்குது சார். ஒரு வார்த்தைகூட மாறல."

அவர் தன் கையெழுத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். சித்தியின் வேலை தப்பியது.

எனக்குச் சித்தி மேல் அடங்காத கோபம். நான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நாலு வரியை ஒழுங்காக மனப்பாடம் செய்யக்கூடாதா என்று கேட்டேன்.

"அடுத்த தடவ நல்லா படிச்சிக்கறேன்டி" என்றாள்.

கம்பெனி கேட் மறைந்த பிறகும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கவிதைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.