கால் தரையில் படாத தண்ணீர்

1. முதல் நாள்

வேக்போர்டில் என் இரண்டு காலையும் பூட்டித் தண்ணீரில் இறக்கிவிட்ட அன்று, படகு நகர்வதற்கு முன்பே நான் குப்புறக் கவிழ்ந்துவிட்டேன். லைஃப் ஜாக்கெட் முதுகை மேலே தூக்கியது. போர்டு காலைத் தூக்கியது. முகம் மட்டும் தண்ணீருக்குள் இருந்தது. கால் தரையைத் தேடியது. தரை இல்லை. இரண்டு காலும் ஒரே பலகையில் மாட்டியிருந்ததால் உதைத்துத் திரும்பவும் வழியில்லை.

படகு ஓட்டிய இன்பராஜ் குதித்து வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்துப் புரட்டினான். அவன் என் கணவரின் சித்தப்பா மகன்.

"மல்லாக்க படு அண்ணி! மல்லாக்க! ஒண்ணும் ஆவாது!"

நான் அவன் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பட்டன் தெறித்துவிட்டது. என்னைப் படகில் ஏற்றிப் போட்டார்கள். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உப்புத் தண்ணீர் வந்தது. மேனேஜர் கார்த்திக் சார் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"அமலா, உங்களுக்கு நீச்சல் தெரியாதா? ஏரியிலயே வளந்தவங்கன்னு சொன்னாங்களே?"

"நிக்கத் தெரியும் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பொம்பளைகளுக்கு நீச்சல் தேவைப்பட்டதே இல்லை. பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரிலும் மார்பளவுத் தண்ணீரிலும் குந்திக் குந்திப் போவோம். காலால் சேற்றை உணர்ந்து, கையால் தடவிப் பிடிப்போம். கால் தரையில் படாத இடத்துக்கு நாங்கள் போக மாட்டோம். பதினாறு வயதிலிருந்து இருபது வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன். ஏரியின் பாதித் தரை என் காலுக்குத் தெரியும். தண்ணீரின் மேல்பக்கம் தெரியாது.

2. என்னை ஏன் எடுத்தார்கள்

கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் சென்னைக்காரர்கள் வாட்டர் ஸ்போர்ட்ஸ் ஆரம்பித்தபோது, நான் ஜாக்கெட் அலசிக் காயப்போடும் வேலைக்குத்தான் போனேன். அதற்கு முந்தைய வருஷம் என் கணவர் சேவியருக்குக் கடலில் வலை இழுக்கும்போது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டும் பழையபடி ஆகவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் போட்டில் போய்க்கொண்டிருந்த ஆள், வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்கு வேண்டியிருந்தது.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கார்த்திக் சார் கூப்பிட்டார்.

"லேடீஸ் நிறைய பேர் போன்ல விசாரிக்கிறாங்க. லேடி இன்ஸ்ட்ரக்டர் இருக்காங்களானு கேக்குறாங்க. நீங்க கத்துக்கிறீங்களா? உள்ளூர்ல ஒருத்தர் இருந்தா எங்களுக்கும் நல்லது."

நான் சரி என்றேன். என்னை யாரும் அதுவரை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு ஆழத்தில் கற்றுத்தருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வேக்போர்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு காலையும் பைண்டிங் என்கிற பூட்ஸில் மாட்ட வேண்டும். பூட்ஸ் பலகையோடு சேர்ந்தது. தண்ணீரில் மல்லாக்கப் படுத்து, முட்டியை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கையில் கயிற்றின் ஹேண்டில். கயிற்றின் மறுமுனை படகில். படகு நகர்ந்ததும் உடம்பு தானாக எழும்பும். படகின் பின்னால் உண்டாகும் அலைக்கு வேக் என்று பெயர். அதன் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படகில் ஓட்டுகிறவரைத் தவிர, பின்பக்கம் பார்த்தபடி இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஸ்பாட்டர். விழுந்தவரைக் கண்ணால் விடாமல் பார்ப்பது அவர் வேலை.

முகத்துவாரத்துக்குப் போகும் வாய்க்காலில்தான் படகு ஓடும் அளவுக்கு ஆழம் இருந்தது. என் தலைக்கு மேல் தண்ணீர்.

3. இழுத்துக்கொண்டு போனது

தை பிறந்து மாசி வந்தும் நான் எழவில்லை.

"எழுந்திரிக்காதீங்க அமலா. அதுதான் தப்பு. நாற்காலியில உக்காந்த மாதிரியே இருங்க. போட்டு உங்களைத் தூக்கும்" என்று கார்த்திக் சார் தொண்டை கிழியக் கத்துவார்.

காதில் விழும். புரியவும் செய்யும். ஆனால் கயிறு விறைத்ததும் உடம்பு தரையைத் தேடி நீளும். முட்டி நேராகும். போர்டின் முனை தண்ணீருக்குள் குத்தும். முகம் போய் அடிக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீரைப்போல இருக்காது. சுவரில் அடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கீழ் உதடு கிழிந்தது. இன்னொரு நாள் காதுக்குள் தண்ணீர் போய், வாரம் முழுக்க ஒரு பக்கம் கேட்கவில்லை.

விழுந்தால் ஹேண்டிலை விட்டுவிட வேண்டும். அதுதான் முதல் பாடம். எனக்கு அதுவும் வரவில்லை. கால் படாத இடத்தில் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான் என்று மனசு சொல்லும். ஒரு தடவை விழுந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தேன். இன்பராஜ் எஞ்சினைக் குறைப்பதற்குள் தண்ணீருக்கு அடியிலேயே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"உட்டுட்டு போ அண்ணி இந்த வேலைய. அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

விட்டுவிட்டுப் போக ஒரு இடம் வேண்டுமே. அதுவும் அப்போது இல்லாமல் போயிருந்தது.

4. லூர்து அக்கா

என் நாத்தனார் லூர்து அக்காதான் எங்கள் இறால் செட்டுக்குத் தலைவி மாதிரி. விடியற்காலையில் எல்லாரும் ஒரே படகில் ஏறிப் போவோம். படகில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று உண்டு. நான் இறால் வேலையை விட்ட பிறகு என் இடத்தில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டார்கள். அதில் தப்பில்லை.

மாசிக் கடைசியில் சாலையில் பார்த்து அவளிடமே கேட்டேன்.

"அக்கா, நான் திரும்பி வந்தா இடம் இருக்குமா?"

"இப்ப கீறவளே அரை வயித்துக்குத்தான் எடுத்துகினு வர்றா. யாரடி எறக்கிவுட சொல்ற?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க போட்டு ஓடுறதுலருந்து வாய்க்கா ஓரம் பூரா கலங்கி கெடக்குது. அங்க எறா நிக்கவே இல்ல. ஒன்ன சொல்லல. ஆனா மத்தவளுங்க ஒன்னத்தான் சொல்றாளுங்க."

அவள் கூடையில் இருந்ததைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. படுத்தேன். எழுந்திருக்கவும் வராது, திரும்பிப் போகவும் வழியில்லை என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? உதடு வீங்கியிருந்ததால் அழுதால் வலித்தது. அதனால் அழவும் இல்லை.

5. சேவியரின் தோள்

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சேவியர், "வா, ஏரிக்கு போலாம்" என்றார். அவர் தண்ணீரில் இறங்கியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மார்பளவில் நின்றுகொண்டு, நல்ல கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்தார். மல்லாக்கப் படுக்கச் சொன்னார். போர்டு இல்லை. ஜாக்கெட்டும் இல்லை. கரையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். ஒருவன், "புருசன் பொண்டாட்டி குளியலா?" என்று கத்தினான்.

"அவனுங்கள பாக்காத. வானத்த பாரு. கால தரைலருந்து எடு."

எடுத்தேன். உடனே கீழே போட்டேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் கை மாற்றினார். நல்ல கை மரத்துப்போய், இறங்கிய தோளின் கையைக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"அமலா, தோள் தாங்கல. உட்டுட போறேன்."

"உட்றாதீங்க!"

"முடியல. நெசமாவே முடியல."

கை போய்விட்டது. நான் முழுகவில்லை. காது தண்ணீருக்குள் இருந்ததால் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. வானம் மட்டும் இருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். நான் மிதப்பதை அவர் பார்க்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். வலியில் வாய் திறந்திருந்தது. அவர் இனிமேல் கடலுக்குப் போக மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

6. எழுந்த நாள்

மிதக்க வந்த பிறகு மற்றதெல்லாம் சீக்கிரம் வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பங்குனி முழுக்க விழுந்தேன். ஆனால் விழுந்ததும் கயிற்றை விட்டேன். மல்லாக்கப் புரண்டு, படகு திரும்பி வரும்வரை காத்திருந்தேன். பயம் போகவில்லை. பயத்தோடு காத்திருக்கத் தெரிந்துகொண்டேன்.

பங்குனி முடியும்போது ஒரு காலை நேரம். காற்று இல்லை. கார்த்திக் சார் ஸ்பாட்டராக உட்கார்ந்திருந்தார். முட்டியை மார்போடு சேர்த்தேன். கையை நீட்டிவைத்தேன். "போ" என்றேன். கயிறு விறைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. போர்டு தண்ணீரைத் தள்ளியது, தள்ளியது, பிறகு தள்ளுவதை நிறுத்தியது. பார்த்தால் நான் குந்திய நிலையில் தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறேன். மெதுவாக முட்டியை நிமிர்த்தினேன்.

நின்றேன்.

கலங்கரை விளக்கம் ஒரு பக்கமாக நகர்ந்தது. உள்ளங்காலுக்குக் கீழே தண்ணீர் கடகடவென்று அதிர்ந்தது. இன்பராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. கார்த்திக் சார் இரண்டு கையையும் தூக்கினார். அந்த வாய்க்கால் தீரும்வரை போனேன்.

பிறகு படகு மெல்ல நின்றது. நான் உட்கார்ந்தபடி தண்ணீருக்குள் இறங்கினேன். விழவில்லை. படகுதான் நின்றிருந்தது. எஞ்சினிலிருந்து கருஞ்சேறு கொப்பளித்தது.

"தரை தட்டிச்சு சார்" என்றான் இன்பராஜ். "போன வாரம் இங்க ஆழம் இருந்துச்சு."

7. லாரி

அந்த வருஷம் முகத்துவாரத்தில் மணல் சீக்கிரம் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. வெயில் ஏற ஏற ஏரி இறங்கியது. புரொப்பல்லர் இரண்டு தடவை உடைந்தது. சித்திரை நடுவில் லாரி வந்தது.

கார்த்திக் சார் நல்ல மனிதர். அதை நான் சொல்லியாக வேண்டும். படகை ஏற்றிக்கொண்டிருக்கும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தெக்க வேற பேக்வாட்டர்ல ஆரம்பிக்கிறோம். நீங்க வரலாம். தங்க இடம் தர்றோம். இவ்ளோ கஷ்டப்பட்டு கத்துக்கிட்டீங்க, வீணாக்காதீங்க."

"ஊட்டுக்காரருக்கு சட்டை மாட்டிவிடவே ஆள் வேணும் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? இன்பராஜ் அவர்களோடு போய்விட்டான். நான் யாருக்கும் வேக்போர்டு கற்றுத்தரவில்லை. ஒரே ஒரு பெண்ணுக்குக்கூட. போனில் கேட்டவர்கள் யாரும் அதுவரை வந்திருக்கவில்லை.

மழை வந்ததும் ஏரி மறுபடி நிறைந்தது. படகு திரும்பி வரவில்லை. லூர்து அக்காவின் படகிலும் இடம் வரவில்லை.

8. இப்போது

மீஞ்சூர் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. காலையில் ஷேர் ஆட்டோ. ஐஸில் கை விறைக்க விறைக்க நாள் முழுக்க நின்றபடி உரிக்கிறோம். தரை கழுவிய தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நிற்கும். எங்கேயோ குட்டையில் வளர்த்த இறால். எங்கள் ஏரி இறால் இல்லை.

மறுபடி யாரோ வாட்டர் ஸ்போர்ட்ஸுக்கு ஏரிக்கரையில் இடம் பார்த்துப் போயிருக்கிறார்களாம். கம்பெனியில் என்னோடு உரிக்கும் பெண்களில் சிலரை வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். நீச்சல் தெரியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். விழுந்தால் கயிற்றை விடுங்கள். எழப் பார்க்காதீர்கள், படகு தூக்கும். இதையெல்லாம் அவர்களே சொல்லித்தருவார்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்: ஒரு கோடை தாண்டும்வரை இந்தக் கம்பெனியில் உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். தண்ணீர் இறங்கினால் எங்களை என்ன செய்வீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷமும் ஒரு பிழைப்பும் போனது.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து கையுறையைக் கழற்றும்போது ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, மெய்யாலுமே நீ நின்னியா? எப்படி இருந்துச்சு?"

வேண்டாம், போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுடி" என்றேன்.