வளையலில் தொங்கிய ஊக்கு

நேற்று காலை வரை என் வலது கை வளையலில் ஒரு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. சாதாரண ஊக்குதான், முனை லேசாக வளைந்தது. வளையலில் ஊக்கு மாட்டாமல் வெளியே கிளம்புகிற பெண்கள் எங்கள் ஊரில் குறைவு. ஆனால் இது என்னுடையதில்லை, பழைய ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரியுடையது.

திருநகரில் ஒரு மாடியில் இருந்தது அந்த அனிமேஷன் ஆபீஸ். நாங்கள் செய்தது ஒரு மாயாஜாலத் தொடர். மேகநாட்டு ராணியும் அவளோடு வளர்ந்த வாள்வீராங்கனையும் சிம்மாசனத்துக்காகப் பிரிந்து, கடைசியில் சேருகிற கதை. ராணியை அசைய வைப்பது என் வேலை, வாள்காரி அவள் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து, எங்களில் ஒருத்திதான் டீம் லீடர் என்று மேனேஜர் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ராஜ்யமே இல்லாத இடத்தில் சிம்மாசனச் சண்டை!

கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிப்பிடிக்க வேண்டும். அவள் வாள்காரியைச் செய்து அனுப்புவாள், நான் ராணியைச் சேர்ப்பேன், ஒரு வார்த்தை பேசாமல். அந்தக் கட்டிப்பிடிப்பு, திருமங்கலம் பஸ்ஸில் கூட்டத்தில் இடித்துக்கொண்டவர்கள் மாதிரி வந்தது. வேலை கொடுத்த கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை திரும்பினால் வேலை வேறு டீமுக்குப் போய்விடும். எனக்கோ, அவள் இல்லாமல் சாப்பாடு பாதி டப்பாவிலேயே மிஞ்சியது.

ஆயுத பூஜையன்று எல்லோரும் சேலையில் வந்திருந்தோம். சூடத்தைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது என் தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்து, முந்தானை சரிந்தது. முதலில் ஓடிவந்தது அவள்தான். என்னைச் சுவரோரம் இழுத்து நிறுத்தி, தன் வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு மடிப்புகளை அடுக்கினாள்.

"ஆடாம நில்லுடி. குத்துச்சுன்னா எம்மேல பழி போடாத," என்றாள் பல்லிடுக்கில்.

"எம்புட்டு நாளாச்சு நீ என்னைய 'டி' போட்டு," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இரு, குத்தி முடிச்சுக்கிறேன். பெறகு அழு."

பூஜை போட்ட கம்ப்யூட்டரை அன்றைக்குத் தொடக்கூடாது. தொட்டோம். குங்குமம் காயாத ஒரே திரையின் முன் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டிப்பிடிப்பதையே நீக்கிவிட்டோம். வாள்காரி ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டு ராணியின் கிழிந்த மேலங்கியைச் சேர்த்துக் குத்திவிடுகிறாள். ராணி ஆடாமல் நிற்கிறாள், கண் மட்டும் நிறைகிறது. அந்தக் காட்சி திரும்பி வரவேயில்லை. லீடர் பதவி அவளுக்குப் போனது. அன்று மதியம் அவள் டப்பாவில் இருந்த புளியோதரையை வழித்துத் தின்றது நான். அவள் ஊக்கு மட்டும் என் வளையலிலேயே தங்கிவிட்டது.

இப்போது ஆனையூரில் அவளே சொந்தமாக ஆபீஸ் தொடங்கியிருக்கிறாள். கூட வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தோழியிடம் சம்பளம் வாங்கினால் மறுபடி முகம் திரும்பிவிடுமோ என்று பயந்து, பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். நேற்று திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்றப் போனவளுக்கு, பதற்றத்தில் கட்டிய சேலையின் முந்தானை தோளில் நிற்கவில்லை. நான் வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டேன்.

"ஆடாம நில்லுடி."

விளக்கு ஏற்றிவிட்டு வந்தவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பழைய ஊக்கை அடையாளம் தெரிந்துவிட்டது. "இந்தா, கழட்டித் தாரேன்," என்றாள்.

"இப்ப வேணாம். நாளைக்கு வேலைக்கு வாரேன்ல, அப்ப வாங்கிக்கிறேன்," என்றேன்.