பென்சிலால் மாற்றிய எண்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. பிளாஸ்டிக் டியூப் வெட்டும் மூலைதான் எனக்கு வசதி. கேட்ட நீளம் வெட்டிச் சுருட்டினால் போதும்.

ஒரு நாள் டியூப் கம்பெனியிலிருந்து ஓர் அட்டை வந்தது. எந்த டியூப் எத்தனை கிலோ காற்றழுத்தம் தாங்கும் என்று அதில் போட்டிருந்தார்கள். டியூப் சுவரின் தடிமன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், துளை மட்டும் வேறு. ஆனால் சின்னத் துளைக்கு நேரே பெரிய எண், பெரிய துளைக்கு நேரே சின்ன எண். இரண்டு டியூபையும் தூக்கிப் பார்த்தேன். பெரியதுதான் கனம். அச்சில் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பென்சிலால் எண்களை இடம் மாற்றி எழுதினேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கூச்சம்.

அன்று சாயங்காலமே பீரோ பட்டறையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர் வந்தார். அவருடைய கம்ப்ரஸர் ஆறு கிலோ வரை போகுமாம், எது தாங்கும் என்று கேட்டார். என் எண்ணைப் பார்த்துப் பெரியதை வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் முதலாளி அட்டையைப் பார்த்து, யார் கிறுக்கியது என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாக் கம்பெனி அட்டையும் இப்படித்தான். ஓட்டை பெருசாவப் பெருசாவத் தாங்குறது கொறையும்."

"ஏண்ணே?"

அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அது அப்படித்தாம்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெயின்டர் இப்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பது மட்டும் விளங்கியது. அவர் போன் நம்பர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு நடந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குப் போகவேண்டிய ஒரு பீரோவை அவர் வெயிலில் நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தார். டியூபைத் தோளில் போட்டிருந்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நானே போய் ஸ்விட்சை அணைத்தேன். அடுத்தவர் வீட்டு லைட்டைக்கூட நான் அணைத்ததில்லை.

"தோள்லேர்ந்து எறக்குங்க. தப்பா குடுத்துட்டேன். சின்னதுதான் தாங்குமாம்."

"காலையிலேர்ந்து இத வச்சிக்கினுதான் அடிக்கிறேன், ஒண்ணும் ஆவலியே. பெருச வுட சின்னது தாங்குதா? எப்படிக்கா?"

"தெரியலைங்க."

சிரித்துக்கொண்டே இறக்கினார். கழுத்துப் பக்கம் இருந்த இடத்தில் டியூப் எலுமிச்சம்பழம் போல உப்பி, அங்கே மட்டும் வெளுத்திருந்தது. சிரிப்பு நின்றது. ஓடிப்போய் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றினார். பிறகு தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

கடைக்குத் திரும்பி, பென்சில் எண்களை அழித்தேன். அதன் பிறகும் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு டியூபையும் கையில் தூக்கிப் பார்ப்பேன். பெரியதுதான் கனம். ஆனால் வெட்டிக் கொடுத்ததெல்லாம் அட்டை சொன்னபடிதான்.