ஸ்போர்ட்ஸ் பைக்கும் சாரி கார்டும்

செலவே இல்லாமல் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கின் எடையை எவ்வளவு குறைக்க முடியும்? ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்த கேள்வி. இன்று காலை புத்தூர் வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டேன்.

கழற்றியதை எல்லாம் ஒரு பையில் போட்டு, சிங்கப்பூர் மச்சான் விட்டுப்போன கொக்கித் தராசில் மாட்டினேன். ஏர்போர்ட் போகும்முன் பெட்டியை எடை பார்ப்பாரே, அது.

மனைவியும் ஆர்வமாக எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு கிலோவா! பரவாயில்லையே. என்னென்ன கழட்டுனீங்க?"

"சேலை சக்கரத்துல சிக்காம இருக்க மாட்டுன சாரி கார்டு, பின்னாடி கைப்பிடி, பின்னாடி ஃபுட்ரெஸ்ட்."

"உங்க பக்கம் எதுவும் கழட்டலையா?"

"என் பக்கம் எல்லாமே தேவைப்படுதே."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கிளம்பினோம். அவள் ஆட்டோவில், நான் பைக்கில்.

வண்டி பஞ்சு மாதிரி போகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காவிரிப் பாலம் முழுக்க அந்த ஆட்டோவை முந்த எனக்குத் தைரியம் வரவில்லை.

சாரி கார்டை மட்டும் திரும்ப மாட்டினால் போதுமா, இல்லை எல்லாவற்றையும் மாட்ட வேண்டுமா? கல்யாணமானவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.