'பூரண சுகம்' என்று சொன்ன பிறகு

கர்த்தர் என்னைக் காப்பாற்றினார். ஆனால் நான் எவ்வளவு பயந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சியே பொய்யாகிவிடும்.

என் பெயர் ஜெசிந்தா. வீடு தாராவியில். செம்பூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கத்தரிக்கோல் வளையம் விரலை இறுக்க ஆரம்பித்தது. செருப்பு சைஸ் கூடியது. குரலும் தடித்துப்போனது. "அக்கா, நீங்க ஆம்பளைங்க பக்கம் போயி நின்னு பாடுங்க" என்று சபைப் பாடகர் குழுவில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

ரத்தப் பரிசோதனையில் வளர்ச்சி ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தது. மூளைக்கு அடியில் சின்னக் கட்டி. அது புற்று இல்லை. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஞாயிறு ஆராதனையில் என் கணவர் சாமுவேல் எழுந்து, "என் மனைவிக்குப் பூரண சுகம்" என்று கண்ணீரோடு சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகமானதாகச் சாட்சி சொன்ன வியாதிக்கு மறுபடி ஜெபம் கேட்க மாட்டோம். கேட்டால் அவிசுவாசம் என்று பேச்சு வரும்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்த ஹார்மோனால் ஈரலில் உண்டாகிற ஒரு புரதம் இன்னும் இறங்கவில்லை. "இது ரொம்ப நாள் கூடுதலா இருந்தா பெருங்குடல்ல சதை வளரலாம். சிலருக்கு அது கேன்சரா மாறலாம். எல்லாருக்கும் இல்லை. கேமரா விட்டுப் பார்த்துடுவோம்" என்றார் டாக்டர்.

'எல்லாருக்கும் இல்லை' என்பது என் காதில் ஏறவே இல்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் முகம் செத்துப்போனது.

"ஏட்டி, நான் சபையில சொல்லிட்டேம்லா? இப்பம் டெஸ்டுக்குப் போனா, ஆண்டவரு பாதிதான் சொகமாக்குனாருன்னு ஆயிராதா? கொஞ்ச நாள் போவட்டும்."

கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் பயம். நாள் தள்ளிக்கொண்டே போனது. லேசாக வயிறு வலித்தாலும் கேன்சர்தான் என்று நினைப்பேன். சாப்பாடு இறங்காது. கஸ்டமருக்கு ஃபேஷியல் செய்துகொண்டே உள்ளுக்குள் ஜெபிப்பேன்: "ஆண்டவரே, இவரை மீறிப் போக எனக்குத் தைரியம் இல்லை. இவர் வாயாலேயே 'போ'ன்னு சொல்ல வையும்."

ஒரு ஞாயிறு பாஸ்டர் ஜெபக்குறிப்புகள் கேட்டார். பக்கத்து வரிசையில் என் கணவர் எழுந்தார்.

"பாஸ்டர், நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். ஜெசிந்தாவுக்கு ரத்தம் இன்னும் சரியாவல. குடல்ல டெஸ்ட் எடுக்கணும். கூட்டிட்டுப் போறேன். எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணுங்க."

அப்போது பின்வரிசையிலிருந்து மேரி சித்தி குரல் வந்தது. "எனக்கும் சுகர் எறங்கல பாஸ்டர். போன மாசம் சாட்சி சொன்னேம்லா, அதேதான். சேத்து ஜெபிங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒருவரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. பாஸ்டர் கீழே இறங்கி வந்து என் கணவரின் தோளில் கைவைத்து ஜெபித்தார்.

அந்த வாரமே பரிசோதனை செய்தார்கள். குடலில் இரண்டு சதை வளர்ச்சிகள் இருந்தன. அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில நாளில் முடிவு வந்தது. கேன்சர் இல்லை. "விட்டிருந்தா மாறியிருக்கலாம்" என்றார் டாக்டர். வராந்தாவிலேயே என் கணவர் முழங்காற்படியிட்டுவிட்டார். வார்டு பாய் வழிவிடச் சொல்லி "ஹட்டோ, ஹட்டோ" என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்தார்.

இப்போது ஹார்மோனைக் குறைக்க ஊசி போட்டுக்கொள்கிறேன். புரதம் இறங்கி வருகிறது. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் பயத்தை இப்போது ஆண்டவரிடமும் சபையிலும் வாய்விட்டுச் சொல்கிறேன். பயந்தவள் ஜெபத்தைக் கேட்டு, என் கணவரின் நாவைத் திறந்தவருக்கு ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, சுகம் பாதியில் நிற்கிறதா? ஆண்டவரை நம்பி அதையும் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன டெஸ்டுக்குப் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். திங்கட்கிழமை பார்லர் லீவு. நான் வருகிறேன்.